தன்னைக் கொடுத்த பத்திரம்

சென்ட் ஒனரின், மெய்ன்
17 ஜனவரி 2016

அன்பு மகள் ரெஜீனுக்கு,

இந்தக் கடிதத்தை நானேதான் எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. காலையில் காபி குடித்துவிட்டுத் தொடங்கினேன். இப்போது மதியத்துக்கான சூப் அடுப்பில் கொதிக்கிறது, நான் இன்னும் முதல் பத்தியில் இருக்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை.

நூலகத்தில் செவ்வாய்க்கிழமைகளில் வகுப்பு நடக்கிறது. பனி விழுந்தாலும் நடக்கிறது. ஓய்வுபெற்ற டீச்சர் திருமதி மிஷோ சொல்லித் தருகிறார். நம் பிரெஞ்சுப் பேச்சையும் எழுதச் சொல்லித் தருகிறார், ஆங்கிலமும் சொல்லித் தருகிறார். நான் சின்னப் பையனாக இருந்தபோது பள்ளியில் நம் பேச்சைப் பேசினால் முழங்காலில் நிறுத்துவார்கள். அதற்கு உருளைக்கிழங்கு பொறுக்குவதே மேல் என்று போய்விட்டேன். கிழங்கு பொறுக்கவும் முழங்காலில்தான் நிற்க வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை.

இப்போது எதைப் பார்த்தாலும் படிக்கிறேன். மாவுப் பையைப் படிக்கிறேன். இருமல் மருந்தின் பின்பக்கத்தைப் படிக்கிறேன், அதில் பயமுறுத்தும் விஷயங்கள் நிறைய இருக்கின்றன. ரெயால் பெல்த்தியேயின் கிழங்குக் கிடங்குக் கதவில் பெரிய சிவப்பு எழுத்து இருக்குமே, அதையும் படித்தேன். “கதவைச் சாத்தவும்” என்று இருக்கிறது. அவனிடம் போய்ச் சொன்னேன்.

“ரெயால், இது உங்கப்பா பேருன்னுல்ல இத்தனை வருஷமா நெனச்சிட்டிருந்தேன்.”

“எங்கப்பாவும் நாள் முழுக்க அதையேதான் கத்திட்டிருப்பாரு அண்ணே. பெரிய வித்தியாசம் இல்ல.”

கிறிஸ்துமஸ் அன்று தொலைபேசியில் நீ சொன்னதை யோசித்துப் பார்த்தேன். வீட்டையும் ஆற்றங்கரை நிலத்தையும் இலையுதிர் காலத்தில் ரெயாலுக்கு விற்கப் போவதாகவும், என்னைக் கனெக்டிகட்டுக்கு அழைத்துப்போய் உன் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள முதியோர் இல்லத்தில் சேர்க்கப் போவதாகவும் சொன்னாய். தொலைபேசியில் நீ எப்போதும் கார் ஓட்டிக்கொண்டே பேசுகிறாய். நான் ஒரு பதிலை யோசிப்பதற்குள் நீ இரண்டு ஊர் தாண்டிவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நான்கு வருடங்களுக்கு முன் இடுப்பெலும்பு முறிந்தபோது, வக்கீல் அலுவலகத்தில் நிலத்தோடு என்னையும் உன்னிடம் கொடுத்தேன். 1961-ல் என் அப்பா என்னிடம் தன்னைக் கொடுத்த மாதிரியேதான். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நல்ல கையில்தான் கொடுத்திருக்கிறேன். ஆனால் நம் பள்ளத்தாக்கில் தன்னைக் கொடுத்தவரை அவர் இருக்கும் வீட்டைவிட்டு எடுக்கும் வழக்கம் இல்லை. நிலத்தை வாங்கிக்கொண்டவர் ஆளையும் அதே வீட்டில் வைத்துக்கொள்வார். நீ இங்கிருந்து போய் நாளாகிவிட்டது, மறந்திருப்பாய்.

நான் கடைசிவரை இந்த வீட்டில் இருக்க விரும்புகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுத வேண்டியிருந்தது. நம் பத்திரத்தை அலமாரியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். இந்தக் குளிர்காலத்தில் அதைப் படித்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

மாப்பிள்ளை நார்மனுக்கு என் அன்பைச் சொல். சூப் பொங்கிவிட்டது.

உன் அப்பா,
ஒனேசிம் திபோதோ


ஹார்ட்ஃபோர்ட், கனெக்டிகட்
2 பிப்ரவரி 2016

அன்புள்ள அப்பாவுக்கு,

உறையின் மேல் இருந்த எழுத்தைப் பார்த்துவிட்டு யாரோ பள்ளிப் பிள்ளை நன்கொடை கேட்டு எழுதியிருக்கிறது என்று நினைத்துத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் நார்மன் பிரித்துப் பார்த்துவிட்டு, “ரெஜீன், இது உங்கப்பா” என்றார். “அப்பாவுக்கு என்ன?” என்று கேட்டேன். “ஒண்ணும் ஆகல. எழுதியிருக்காரு” என்றார். நான் உட்கார்ந்துதான் படித்தேன்.

சந்தோஷமாக இருக்கிறது அப்பா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். திருமதி மிஷோவுக்கு ஏதாவது வாங்கி அனுப்ப வேண்டும், அவருக்கு என்ன பிடிக்கும் என்று எழுதுங்கள்.

வீட்டு விஷயத்தில் நான் சொல்வதையும் நிதானமாகப் படியுங்கள். நவம்பரில் விறகுக் கொட்டகையில் விழுந்தீர்கள். ரெயால் தற்செயலாக டிராக்டரின் சாவியைக் கேட்டு வந்ததால் பார்த்தான். அவன் வராமல் இருந்திருந்தால் என்னவென்று நான் தினமும் யோசிக்கிறேன். நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை செய்கிறவள், யோசிக்காமல் இருக்க முடியாது. வீட்டின் வடக்குப் பக்கக் கூரை இன்னொரு குளிர்காலம் தாங்காது. ரெயால் நல்ல விலை தருகிறான். அந்தப் பணம் முழுவதும் உங்களுக்குத்தான் செலவாகும்.

இன்னொன்று. நாம் அன்று வக்கீலிடம் போட்டது இரண்டு பத்திரங்கள். ஒன்று டிரஸ்ட்: வீடும் நிலமும் அதில் இருக்கின்றன, உங்கள் நன்மைக்காக நான் அவற்றைப் பார்த்துக்கொள்கிறேன். மற்றொன்று பவர்: உங்கள் பில்களையும் ஆஸ்பத்திரி விஷயங்களையும் உங்கள் சார்பில் நான் கவனிக்கலாம். அவ்வளவுதான். “தன்னைக் கொடுப்பது” என்று நீங்கள் எழுதியிருப்பது தாத்தா காலத்து வழக்கம். நாம் செய்தது அது இல்லை.

இங்கே இல்லத்தில் ஆற்றைப் பார்த்த அறை ஒன்று காலியாகிறதாம். முன்பணம் கட்டி வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

அன்புடன்,
ரெஜீன்


சென்ட் ஒனரின்
20 மார்ச் 2016

அன்பு மகளுக்கு,

திருமதி மிஷோவுக்கு இஞ்சி மிட்டாய் பிடிக்கும். அதை நீ அனுப்பாதே, நானே வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

பத்திரத்தைப் படித்து முடித்தேன். இரண்டையும். ஆங்கிலத்தில் இருப்பதால் நாளுக்கு ஒரு பத்தி என்று வைத்துக்கொண்டேன், சில நாள் ஒரு வாக்கியம். வக்கீல்கள் ஒரு வாக்கியத்தை முடிக்க விரும்புவதில்லை. ஒரு பக்கம் முழுவதும் முற்றுப்புள்ளியே இல்லாமல் போகிறது. அப்படி ஒன்றைக் கடந்து மறுகரைக்கு வந்ததும் அன்று ஒரு ப்லோய் அப்பம் கூடுதலாகச் சுட்டுக்கொண்டேன்.

நீ அன்று எனக்கு வாசித்துக் காட்டியது எல்லாம் அப்படியே இருக்கிறது. ஒரு வார்த்தை மாற்றவில்லை. ஆனால் நான் தேடியது அதில் இல்லை. என் அப்பாவின் பத்திரத்தில் என்ன இருந்தது என்று எனக்கு மனப்பாடம், நோட்டரி அதை உரக்க வாசித்தார். அடுப்புக்குப் பக்கத்து அறை. வேண்டிய மட்டும் விறகு. ஞாயிறு பூசைக்கு வண்டியில் ஓர் இடம், குளிர்காலத்தில் சறுக்கு வண்டியில் கம்பளியோடு. தேநீர், புகையிலை. வருடத்துக்குக் கம்பளிக் காலுறை. நோயில் படுத்தால் பார்த்துக்கொள்ள ஆள். இறந்த பிறகு ஆன்மாவுக்குப் பூசை. நம் பத்திரத்தில் பூசையும் இல்லை, விறகும் இல்லை. நான் எங்கே இருப்பேன் என்றே இல்லை.

எனக்குக் கோபம் ஒன்றும் வரவில்லை. அந்த வக்கீல் தெற்கத்திக்காரர், வயசும் குறைவு. அவருக்கு நம் வழக்கம் தெரியாமல் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். நானும் கேட்கவில்லை. நிலத்தைக் கொடுத்தால் இதெல்லாம் கூடவே வரும், அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. விட்டுப்போனதைச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. பிறகு நீ விற்க வேண்டியதில்லை.

உயில், டிரஸ்ட், பவர் எல்லாவற்றையும் பார்ப்பதற்கு மாவட்டத் தலைநகரில் புரொபேட் கோர்ட் இருக்கிறது என்று திருமதி மிஷோ சொன்னார். தொலைபேசி செய்தேன். ஓர் அம்மாள் எடுத்தாள்.

“அம்மா, என் பத்திரத்துல ஒரு ரூம் விட்டுப்போச்சு. சேர்க்கணும்.”

“எந்த ரூம் ஐயா?”

“அடுப்புக்குப் பக்கத்து ரூம்.”

“நிலப் பதிவு ஆபீஸ் மாடியில இருக்கு. நான் கீழ இருக்கேன்.”

“நிலம் இல்லம்மா, டிரஸ்ட்டு.”

“அப்படின்னா நான்தான். சொல்லுங்க.”

அவள் பெயர் திருமதி லண்ட். மிகவும் பொறுமைசாலி. மனு எப்படி எழுத வேண்டும் என்று சொன்னாள். யாரையாவது வைத்து எழுதுங்கள் என்றாள், நானே எழுதுகிறேன் என்றேன். “உங்க இஷ்டம், ஆனா படிக்கிற மாதிரி இருக்கணும்” என்றாள். இரண்டு தாள்களைக் கிழித்துப் போட்டு மூன்றாவதை அனுப்பினேன். உனக்கும் ஒரு பிரதி வரும். கோர்ட்டிலிருந்து வருகிறதே என்று பயப்படாதே. உள்ளே இருப்பது என் கையெழுத்துதான்.

பனி உருகத் தொடங்கிவிட்டது. ஆற்றில் பனிக்கட்டி உடையும் சத்தம் கேட்கிறது.

உன் அப்பா,
ஒனேசிம்


ஹார்ட்ஃபோர்ட்
14 ஏப்ரல் 2016

அப்பா,

கோர்ட் கடிதம் வந்தது. பதிவுத் தபாலில், நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். “மனுதாரர்: ஒனேசிம் திபோதோ. எதிர்மனுதாரர்: ரெஜீன் திபோதோ ஹேல்.” நீங்கள் அதை எப்படிப் படித்தீர்களோ தெரியாது. அப்பா மகள்மேல் கேஸ் போட்டிருக்கிறார் என்றுதான் நான் படித்தேன்.

மனுவை வாபஸ் வாங்கிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இங்கே எனக்கு ஒரு வக்கீல் இருக்கிறார், திரு. ஸ்டோடார்ட். டிரஸ்ட் கணக்கு வழக்கு எல்லாம் கனெக்டிகட்டிலிருந்து நடப்பதால் மெய்ன் கோர்ட்டுக்கு அதிகாரமே இல்லை என்று அவர் சொல்கிறார். அதைத்தான் அவர் அங்கே சொல்வார். விசாரணைக்கு நான் நேரில் வரவில்லை, தொலைபேசியில் இருப்பேன். அலுவலகத்தில் லீவு இல்லை.

இல்லத்தில் அந்த அறைக்கு முன்பணம் கட்டிவிட்டேன்.

மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

ரெஜீன்


சென்ட் ஒனரின்
29 மே 2016

அன்பு மகளுக்கு,

விசாரணையில் பேசியதைத் தொலைபேசியில் நீ கேட்டிருப்பாய். ஆனால் எதையும் பார்த்திருக்க மாட்டாய். அதனால் எழுதுகிறேன்.

ரெயால்தான் காரில் அழைத்துப்போனான். வாங்கப்போகிறவனே விற்பனையைத் தடுக்கக் கூட்டிப்போகிறான் என்று வழியெல்லாம் சிரித்தான். “ஜெயிச்சாலும் தோத்தாலும் மதியச் சாப்பாடு உங்க செலவு அண்ணே” என்றான். கோர்ட் அறை நம் பங்குக் கோயிலின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு அறையைவிடக் கொஞ்சம் பெரியது. நீதிபதி ஹாஸ்கல் தேர்தலில் நின்று வந்தவராம், மற்ற நாட்களில் அவரும் வக்கீல்தானாம். மேசைமேல் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. நீயும் உன் வக்கீலும் அதற்குள் இருந்தீர்கள். அவர் உங்களைப் பார்த்தே பேசினார், அதாவது பெட்டியைப் பார்த்து.

உன் வக்கீல் அதிகாரம் பற்றி ரொம்ப நேரம் பேசினார். டிரஸ்ட்டை நடத்துகிறவர் கனெக்டிகட்டில் இருக்கிறார், பேங்க் அங்கே இருக்கிறது, ஆகவே இந்தக் கோர்ட் இதை விசாரிக்கக் கூடாது என்றார். நீதிபதி குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் கேட்டார்:

“நிலம் எங்க இருக்கு, மிஸ்டர் ஸ்டோடார்ட்?”

“மெய்ன்ல, யுவர் ஆனர்.”

“பத்திரம் எந்த ஊர்ச் சட்டப்படின்னு எழுதியிருக்கு?”

“அதுவும் மெய்ன்தான். ஆனா…”

“டிரஸ்ட் எழுதினவர் இப்ப எங்க இருக்காரு?”

“அது எனக்குத் தெரியல, யுவர் ஆனர்.”

“என் எதிர்லதான் இருக்காரு. தொப்பியை மடியில வெச்சிட்டு உட்கார்ந்திருக்காரு. நான் விசாரிக்கிறேன்.”

பிறகு என் மனுவைக் கையில் எடுத்தார். இதை யார் எழுதியது என்று கேட்டார், நான் என்றேன். எவ்வளவு நாளாக எழுதுகிறீர்கள் என்றார். “இந்த மனுவையா, பொதுவாவா?” என்று கேட்டேன். திருமதி லண்ட் குனிந்துகொண்டாள்.

அவர் சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள். பவர் என்பது நான் கொடுத்தது. என் புத்தி என்னிடம் இருக்கிறவரை எந்த நாளும் நானே திரும்ப எடுத்துக்கொள்ளலாம், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். டிரஸ்ட் அப்படி இல்லை, அதைக் கலைக்க முடியாது. நீ அதை என் நன்மைக்காக நடத்துகிறாயா என்று மட்டும் கோர்ட் பார்க்கலாம். அறை, விறகு, பூசை எதுவும் முதலிலேயே எழுதப்படவில்லை, எழுதாததைச் சேர்க்க அவரால் முடியாது.

“அதெல்லாம் எழுதணும்னு இல்லீங்க” என்று நான் சொன்னேன். “எங்க பக்கம் நிலம் கைமாறினா அது தானா வரும். வாங்கிக்கிட்ட பிள்ளை செய்யும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“மிஸ்டர் திபோதோ, இந்தக் கோர்ட்டுக்கு டிரஸ்ட் மேல அதிகாரம் இருக்கு. பவர் மேல அதிகாரம் இருக்கு. உங்க மக மேல இல்ல.”

எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. தெளிவாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் எழுதி வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அவர் உன்னைக் கேட்டார். “அம்மா, இவர் சொல்ற இந்தப் பழைய ஷரத்தெல்லாம் பத்திரம் எழுதறப்ப பேச்சுல வந்ததா?” லைன் போய்விட்டது என்று ரெயால் நினைத்தான். பிறகு நீ, “வந்தது” என்றாய். “வேண்டாம்னு நான்தான் சொன்னேன்” என்றாய். நீதிபதி அதற்குமேல் கேட்கவில்லை. இந்த விற்பனை எப்படி எனக்கு நல்லது என்று ஜூலை முடிவதற்குள் நீ எழுதித் தர வேண்டும், அதுவரை விற்கக் கூடாது என்றார்.

ஆகவே, வக்கீல் மறக்கவில்லை. நீ எடுத்திருக்கிறாய். நான் நடைச்சட்டத்தைத் தூக்கித் தூக்கி வைத்து மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தபோது நீங்கள் உள்ளே பேசியிருப்பீர்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஏன் என்று மட்டும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். நீதிபதிக்கு எழுதுவதை அவருக்கு எழுது. எனக்குத் தனியாக எழுது, இப்போது நான் படிப்பேன்.

சாப்பாட்டுக்கு ரெயால் பெரிய மாட்டிறைச்சித் துண்டு வாங்கிச் சாப்பிட்டான்.

உன் அப்பா,
ஒனேசிம்


ஹார்ட்ஃபோர்ட்
13 ஜூன் 2016

அன்புள்ள அப்பாவுக்கு,

நீதிபதிக்குக் கூரையின் நிலையையும் டாக்டர் சொன்னதையும் எழுதி அனுப்பிவிட்டேன். இது உங்களுக்கு.

தாத்தா உங்களிடம் தன்னைக் கொடுத்தபோது நான் குழந்தை. அவர் இறந்தபோது எனக்குப் பதினொரு வயது. அந்த வருடங்களை நீங்கள் எப்படி நினைவு வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஞாயிறு பூசைக்கு அவரைத் தூக்கி வண்டியில் வைத்தது, கிறிஸ்துமஸுக்குப் புகையிலை வாங்கி வந்தது. அதெல்லாம் உண்மைதான். மற்ற நாட்களில் நீங்கள் வயலில் இருந்தீர்கள். முதல் பனி விழுந்ததும் மரம் வெட்டும் முகாமுக்குப் போனால் கிறிஸ்துமஸுக்கு ஒருமுறை வந்துவிட்டு, பிறகு வசந்தத்தில்தான் வருவீர்கள். அது உங்கள் தவறு இல்லை, எல்லா ஆண்களும் போனார்கள்.

அவரைத் தூக்கியது அம்மா. துடைத்தது அம்மா. கடைசி வருடங்களில் அவர் படுக்கையிலிருந்து எழவில்லை, புண் வராமல் இருக்க இரவிலும் எழுந்து திருப்பிப் போட வேண்டும். என்னை ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளச் சொல்வாள். சிமோன் சித்தியின் கல்யாணம் ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் நடந்தது. நம் ஜன்னலிலிருந்து அந்தக் கோயிலின் கோபுரம் தெரியும். அம்மா போகவில்லை. மணி அடித்தபோது அவள் தாத்தாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள், ஊட்டுவதை நிறுத்தவில்லை.

சாகும்வரை அவளுக்கு அவர்மேல் கோபம் இருந்ததில்லை. கேட்டால் கிண்டலாகத்தான் சொல்வாள்: “உங்க தாத்தாவை எனக்கு யாரும் கொடுக்கலடி. அவரு தானா வந்து சேர்ந்தாரு.” அந்தப் பத்திரத்தில் உங்கள் பெயர் இருந்தது. தாத்தா பெயர் இருந்தது. குதிரையின் பெயர்கூட இருந்தது என்று சொல்வீர்கள். அம்மா பெயர் இல்லை.

எனக்கு இங்கே வேலை கிடைத்தபோது போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா பெட்டியைத் தானே எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

“போயிடு. இங்கயே இருந்தீன்னா உங்கப்பா ஒருநாள் உனக்குக் கொடுத்துடுவாரு.”

“என்னத்தைம்மா?”

“தன்னைத்தான்.”

வக்கீல் அன்று என்னைக் கேட்டார், அப்பாவை அதே வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது பற்றி ஏதாவது எழுத வேண்டுமா, இந்தப் பக்கத்தில் சிலர் எழுதுவார்களே என்று. வேண்டாம் என்றேன். நிலத்தை வாங்கிக்கொள்ள என்னால் முடியும். உங்கள் பில்களைக் கட்ட முடியும், டாக்டரிடம் சண்டை போட முடியும், நல்ல அறை தேடித் தர முடியும். இதையெல்லாம் கடைசிவரை செய்வேன், செய்வேன் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஓர் ஆளை வாங்கிக்கொள்ள என்னால் முடியாது அப்பா. அன்று அதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லவும் முடியவில்லை.

அதைத் தவிர வேறு காரணம் இல்லை.

ரெஜீன்


சென்ட் ஒனரின்
2 அக்டோபர் 2016

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் எழுதவில்லை. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். மெதுவாகத்தான் படிக்கிறேன் என்பது உனக்குத் தெரியும், உன் கடிதத்தை அதைவிட மெதுவாகப் படித்தேன். கல்யாண மணி அடித்த இடத்துக்கு வந்ததும் புத்தகத்தை மூடுவது மாதிரி மடித்து வைத்துவிடுவேன். மறுநாள் அங்கிருந்து தொடங்குவேன். அந்தக் கல்யாணத்தன்று நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் விருந்தில் இருந்தேன். நன்றாகச் சாப்பிட்டேன்.

இந்த வீட்டில் நான் தனியாக இருக்க முடியாது, இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவராக யாரை நினைத்திருந்தேன் என்று யோசித்தேன். முகம் எதுவும் வரவில்லை. ஒரு ஜோடிக் கைகள்தான் வந்தன.

ஜூன் கடைசியிலேயே மனுவை வாபஸ் வாங்கிவிட்டேன். அதன்பிறகு நடந்தது உனக்குத் தெரியும், விற்பனையில் கையெழுத்துப் போட்டது நீதான். உனக்குத் தெரியாதது, ரெயால் சமையலறையின் வடக்குச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இந்த வீடு உங்க பேச்சுக்கு மரியாதை கொடுத்துத்தான் இத்தனை நாள் நின்னிருக்கு” என்றான். அடுத்த வசந்தத்தில் இடிக்கிறான். வேலைக்காரர்கள் தங்கும் கட்டடம் வருகிறதாம்.

கனெக்டிகட்டுக்கு நான் வரவில்லை. கோயிலுக்குப் பின்னால் உள்ள முதியோர் குடியிருப்பில் ஓர் அறை பிடித்திருக்கிறேன். வாடகை ஒப்பந்தத்தை நானே படித்து நானே கையெழுத்துப் போட்டேன். ஜன்னலில் இறைச்சி உலர்த்தக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. யாரோ உலர்த்தியிருக்கிறார்கள். சூடு சுவரிலிருந்து வருகிறது, விறகு வேண்டாம். பூசைக்கு நடந்தே போய்விடலாம். விழுந்தால் இழுப்பதற்கு ஒரு கயிறு தொங்குகிறது, இழுத்தால் லியோனா என்கிற பெண் வருகிறாள். அவளுக்குச் சம்பளம் உண்டு, ஞாயிறு விடுமுறை. வாடகைச் சீட்டு மாதாமாதம் உனக்கு வரும். டிரஸ்ட் உன்னிடமே இருக்கட்டும், பணத்தை நீ நன்றாகப் பார்க்கிறாய். அந்த இல்லத்தில் கட்டிய முன்பணத்தைத் திரும்பக் கேள்.

பவரை ரத்து செய்துவிட்டேன். பிரதி இதனுடன் இருக்கிறது. நானே எழுதியது, வங்கியில் நோட்டரி முத்திரை போட்டாள். இதை நீ தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. என் பில்லைக் கட்ட எனக்குத் தெரியும், டாக்டரிடம் சண்டை போடவும் இப்போது மருந்துச் சீட்டைப் படித்துவிட்டுப் போகிறேன். உன் கையில் இருந்ததில் என்னைச் சேர்ந்த பாகத்தை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டேன். அதற்கு எனக்கு உரிமை உண்டு என்று நீதிபதி சொன்னது உனக்கும் கேட்டிருக்கும்.

நோட்டரி கேட்டாள்:

“அடுத்து யாருக்குப் பவர் கொடுக்கப் போறீங்க?”

“யாருக்கும் இல்ல.”

“நாளைக்கு உங்களுக்கு நினைவு தப்பிடுச்சுன்னா?”

“கோர்ட் பார்த்துக்கும்.”

“கோர்ட்டா?” என்று சிரித்தாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ரெயாலை மறுபடி கூட்டிக்கொண்டு திருமதி லண்டிடம் போனேன். அவள் விவரமாகச் சொன்னாள். எனக்குப் புத்தி போய்விட்டால் யாராவது மனுப் போடுவார்கள், ஆஸ்பத்திரியோ குடியிருப்போ. நீதிபதி ஒரு காப்பாளரை நியமிப்பார். சொந்தக்காரர் யாரும் முன்வராவிட்டால் அரசாங்கமே ஓர் ஆளை வைக்கும். ஆனால் அதற்கு முன்னால் பிள்ளைகளுக்கு அறிவிப்பு அனுப்பிக் கேட்பார்களாம்.

“என் மகளுக்கு அனுப்பாம செய்ய முடியுமாம்மா?”

“முடியாது ஐயா. பெத்த பிள்ளைக்குச் சொல்லாம இதுல நாங்க ஒண்ணும் செய்யக் கூடாது. சட்டம் அப்படி.”

“சரி, ஒரு தாள் கொடுங்க.”

அவள் மேசையிலேயே உட்கார்ந்து எழுதினேன். கேஸ் இல்லாமல் எந்தத் தாளையும் கோர்ட் வாங்கிக்கொள்ளாது என்று முதலில் சொன்னாள், பிறகு படித்துப் பார்த்துவிட்டு நம் பழைய கேஸ் கட்டிலேயே சேர்த்து முத்திரை போட்டாள். அதில் எழுதியது இதுதான்: “என் மகள் ரெஜீன் முடியாது என்று சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவும். அவளிடம் காரணம் கேட்க வேண்டாம். காரணம் எனக்குத் தெரியும்.”

ஆகவே, அந்த அறிவிப்பு வரும் நாளில் நீ ஒரே வார்த்தையில் பதில் எழுதினால் போதும். யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

எனக்கு மகள் என்று நீ ஒருத்திதான் இருப்பதால் அறிவிப்பு மட்டும் உனக்கு வரும். அதைத் தடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லை.

அப்பா